அழைக்கும் பெயர்

இருநூற்றிரண்டு, இருநூற்றிரண்டு, இருநூற்றிரண்டு என்று கறுப்புத் திரையில் எழுபத்தொரு வரி மளமளவென்று இறங்கி நின்றபோது நான் செய்த முதல் காரியம் கைதட்டியது. ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை, சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உரிக்காத வாழைப்பூவோடு, ஆளில்லாத வீட்டில் தனியாகக் கைதட்டினேன். இருநூற்றிரண்டு என்றால் கடிதத்தை வாங்கிக்கொண்டேன் என்று அந்த மெயில் சேவை சொல்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான், தலையை நிமிர்த்தாமல் முத்திரை குத்தி உள்ளே தள்ளுகிற தபால் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. ஆறு வாரம் ஆன்லைனில் பைத்தான் படித்திருக்கிறேன், இந்த ஒரு கடிதத்துக்காக. லைப்ரரி என்றதும் எனக்கு உதட்டில் விரல் வைத்து நிற்கும் ஒரு கன்னியாஸ்திரீதான் ஞாபகம் வருவார், இது அந்த லைப்ரரி இல்லை, யாரோ எழுதி வைத்த வேலைகளின் மூட்டை, இம்போர்ட் என்று ஒரு வரி எழுதினால் வந்து நிற்கிறது, சாவி என்று முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணும் கொடுக்கிறார்கள், அதை ஒட்டினால் உன் கடிதத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ப் போடுகிறது. கான்வென்ட்டில் பத்தாவது முடித்து முப்பத்தெட்டு வருஷம் ஆன எழுபத்தொரு பேருக்கும், ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறோம் வாருங்கள் என்று, ஒவ்வொருத்திக்கும் அவளவள் பெயர் போட்டு, தனித்தனிக் கடிதம். போன வருஷம் எல்லாருடைய முகவரியையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பி, ஆளாளுக்கு அனைவருக்கும் பதில் என்பதை அழுத்தி, ஒருத்தியின் வீட்டுப் பூனைக்கு ஆபரேஷன் ஆனது வரைக்கும் எல்லாரும் படிக்க நேர்ந்ததே, அந்தக் கூத்து இந்த வருஷம் இல்லை. பத்து பத்துக்கு அனுப்பினேன். கைதட்டினேன். பத்து பதினாலுக்கு முதல் பதில் வந்தது, புஷ்பகலாவிடமிருந்து. "அடியே தமயந்தி! அன்புள்ள கூஜாவா? யாருடி கூஜா? என் பேத்தி படிச்சுட்டு சிரிக்கிறா!" என்று ஒன்பது ஆச்சரியக்குறி. நான் நிதானமாக, மடச்சி போல, இவளுக்குக் கண்ணில் புரை என்று நினைத்தேன். அப்புறம்தான் அட்டவணையைத் திறந்தேன்.

இப்போது பத்து இருபது. வாழைப்பூவை எடுத்து வைத்துக்கொண்டேன், கை சும்மா இருந்தால் மண்டை ஓடும். விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள மறந்தாயிற்று, கறை ஏறப்போகிறது, ஏறட்டும். ஒவ்வொரு பூவிலும் ஒரு கள்ளனைப் பிடுங்க வேண்டும், தலை பருத்த அந்த ஒற்றை நரம்பு, வேகவே வேகாது, ஒன்றை விட்டாலும் தொண்டையில் நிற்கும். எங்கே விட்டேன் என்று பார்க்கிறேன். அட்டவணையில் முதல் பத்தி, முழுப்பெயர். அதில் இனிஷியலோடு போட்டிருந்தேன், தேடி எடுத்தபோது வந்தபடி, கல்யாணத்துக்கு முன் இனிஷியல், கல்யாணத்துக்குப் பின் இனிஷியல், சிலருக்குப் புருஷன் பெயர் வால் மாதிரி. இரண்டாவது பத்திக்கு நான் வைத்த தலைப்பு, அழைக்கும் பெயர். அக்டோபரில் ஒரு மத்தியானம், பழைய வகுப்புப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யார் என்று எனக்கே அடையாளம் தெரிய வேண்டுமென்று, நாங்கள் யாரை என்ன சொல்லி அழைத்தோம் என்று எழுதி வைத்த பத்தி அது. கூஜா, ரேடியோ, ஒட்டடைக்குச்சி, அரைக்கிளாஸ், இட்லிச்சட்டி. பட்டப்பெயர் என்று தலைப்பு வைத்திருந்தால் என்ன கேடு எனக்கு. அது கொச்சையாக இருக்கிறது என்று நாசூக்காக அழைக்கும் பெயர் என்று எழுதினேன், கான்வென்ட் புத்தி. இரண்டு மாதம் கழித்து அழைப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, அன்புள்ள என்று அடித்துவிட்டு எந்தப் பத்தியைச் செருகலாம் என்று பார்த்தால், முழுப்பெயர் போட்டால் அன்புள்ள வி. எம். சாந்தகுமாரி என்று வங்கிக் கடிதம் மாதிரி நிற்கிறது. அழைக்கும் பெயர், ஆகா, இதுதானே வேண்டியது, அழைப்பிதழில் அழைக்கும் பெயர். கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தி பெயரையும் தானே எடுத்து நிரப்புகிற இடத்தில், இரட்டை நெளிவு அடைப்புக்குள் அதைப் போட்டேன். தமிழ் என் காலை வாரிவிட்டது. இல்லை, தமிழ் என்ன செய்யும், அது பாட்டுக்கு இரண்டு அர்த்தத்தோடு படுத்திருந்தது, மிதித்தது நான். சோதனை பார்க்காமலும் அனுப்பவில்லை. எனக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தேன். அன்புள்ள தமயந்தி என்று பளிச்சென்று வந்தது. ஏனென்றால் என் வரிசையில் அழைக்கும் பெயர் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது தமயந்தி. எனக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைக்க யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. வகுப்பு லீடர் நான், நாலு வருஷம்.

மகள் சஹானாவுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் மீட்டிங்குக்கு நடுவில் இருந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திரும்ப வாங்க முடியாதும்மா. போயாச்சு" என்றாள். நிறுத்த ஒரு வரி இருக்குமே, அந்த லைப்ரரியில் என்றேன். "அனுப்புறதுக்கு இருக்கு, அனுப்பாததுக்கு இல்ல. நீ ஒரே ஒரு டெஸ்ட் மெயில்தான் போட்டியா? உனக்கேவா?" ஆமாம் என்றேன். "உன்னை மாதிரி இல்லாத ஒருத்தருக்குப் போட்டுப் பாத்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, உடனே, "சரி விடு, எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தானே, சிரிச்சுட்டுப் போவாங்க" என்றாள். சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள். எங்கள் வகுப்புக் குழுவில் செய்தி வந்து வந்து போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, நஸீமா தன் பெயரையே மாற்றி ரேடியோ என்று வைத்துக்கொண்டுவிட்டாள், இட்லிச்சட்டி மஸ்கட்டிலிருந்து இட்லிப் படம் போடுகிறாள். எழுபது பேர் சிரித்தால் சரியாகிவிடுமா. இந்தச் சேவைக்கு ஒரு பலகை இருக்கிறது, யாருக்குச் சேர்ந்தது, யார் திறந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும், அதைக் கண்டுபிடித்தபோதும் நான் பெருமைப்பட்டேன், இப்போது அதுவே என்னைத் தின்கிறது. நாற்பத்து மூன்று பேர் திறந்துவிட்டார்கள். பதினேழாவது வரி, பெர்னதெத். சேர்ந்தது. திறக்கவில்லை. அன்புள்ள இஸ்லாண்ட் என்று ஒரு கடிதம் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில், நர்ஸுகள் பை வைக்கிற லாக்கருக்குள், ஒரு போனுக்குள், மூடினபடி கிடக்கிறது. போன் போட்டுப் பார்த்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. வார்டில் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம், அவளே சொல்லியிருக்கிறாள், "பதினோரு மணி டீக்குத்தான் எடுத்துப் பார்ப்பேன். பத்து நிமிஷம். மெசேஜ், மெயில் எல்லாம் அப்பத்தான்." பத்து இருபத்தெட்டு. ஆக, இன்னும் முப்பத்திரண்டு நிமிஷம் அவள் அதைப் படிக்காதவள். பதினொன்றுக்கு அவள் போனைக் கையில் எடுக்கும்போது என் அழைப்பு முந்த வேண்டும், இல்லாவிட்டால் என் கடிதம் முந்தும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அழைத்து என்ன சொல்வேன் என்பதுதான் விஷயம்.

இஸ்லாண்ட் என்பது வகுப்பு வைத்த பெயர். ஒன்பதாவதில் வந்து சேர்ந்தாள், மணப்பாறைப் பக்கம் ஏதோ பங்குப் பள்ளிக்கூடத்திலிருந்து, பாதர் சிபாரிசில், ஹாஸ்டலில் இலவச இடம். இரட்டைப் பின்னல், அளவு பெரிய கறுப்பு ஷூ, குதிகால் பக்கம் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்வாள். ஆங்கில வகுப்பில் ஒரு கலங்கரை விளக்கப் பாடம், கடலுக்கு நடுவில் ஒரு தீவு, மிஸ் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். நன்றாகத்தான் வாசித்தாள், விரலை வரியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி. தீவு என்ற வார்த்தை வந்ததும், ஐலண்ட் என்று சொல்ல வேண்டியதை, பார்த்தபடி படித்தாள், எஸ் இருக்கிறதல்லவா, இஸ்-லாண்ட். எழுத்தில் இருப்பதைச் சொன்னவளுக்கு அது எப்படித் தெரியும், எழுதி வைத்துவிட்டு உச்சரிக்காதே என்கிற பாஷை அது. வகுப்பே சிரித்தது. வகுப்பே என்றால், முதல் பெஞ்சிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முதல் பெஞ்சில் யார் இருந்தோம், நாங்கள் இருந்தோம். இடைவேளையில் குழாயடியில் நாங்கள்தான் கூப்பிட்டோம், ஏய் இஸ்லாண்ட், தண்ணி சுத்தி நிக்குதா என்று. சரி, கூப்பிட்டது ஒரு குரல்தான். கள்ளன் ஒன்று நகக்கண்ணில் ஏறிவிட்டது. கூப்பிட்டது நான். வகுப்பு இல்லை, நாங்கள் இல்லை, நான் வைத்த பெயர். அதற்கப்புறம் அவள் வகுப்பில் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை, மிஸ் எழுப்பினால் எழுந்து நிற்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், நிற்பாள், உட்காரச் சொல்கிறவரைக்கும். போன தீபாவளிக்கு சஹானாவின் சிநேகிதிகள் வீடியோவில் இருந்தார்கள், நானும் எட்டிப் பார்த்து, உங்களையெல்லாம் மாதிரி நானும் படிக்கிறேன் தெரியுமா, இந்தக் காச்சேயை எப்படி அழிக்கிறது என்று கேட்டேன். ஒரு நொடி. அப்புறம் நாலு சதுரத்திலும் நாலு வாய். "ஆன்ட்டி, காச்சே! சோ ஸ்வீட்!" அது கேஷாம், கம்ப்யூட்டர் பழசைச் சேர்த்து வைக்கிற இடம், சி ஏ சி எச் இ. எழுத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். இரண்டு நாள் சஹானாவோடு பேசவில்லை நான், ஐம்பத்து மூன்று வயதில், பெற்ற பெண்ணோடு. அந்த இரண்டு நாளில் ஒரு நிமிஷமாவது எனக்குப் பெர்னதெத் ஞாபகம் வந்தாளா, வரவில்லை. மறக்கவுமில்லை. அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. பதினாலு வயதில் வைத்தது போகட்டும், பிள்ளைப் புத்தி என்று யாராவது மன்னிப்பார்கள். அக்டோபரில், போட்டோவில் கடைசி வரிசை ஓரத்தில் பாதி மறைந்து நின்ற அந்த முகத்துக்கு நேரே, அழைக்கும் பெயர் என்ற கட்டத்தில், யோசிக்காமல், தேடாமல், ஐந்து எழுத்தையும் தட்டினது யார். தட்டிவிட்டுச் சிரித்தேன். மூக்கால் சின்னதாக ஒரு சிரிப்பு. அது எந்த வயதுப் பிள்ளை?

பத்து நாற்பது. பிரஷர் குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டது, மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு பேர் திறந்தாயிற்று, பதினேழாவது வரி அப்படியே. வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தால் அந்த வாசல்தான் வருகிறது. மாதத்தில் கடைசி சனிக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பார்வையாளர் நாள், எங்களுக்கு அன்று அரைநாள் பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்துக்குள் தமிழ் பேசக் கூடாது. பேசினால் கழுத்தில் ஒரு அட்டை, காலண்டர் அட்டையை வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, இன்று நான் தமிழ் பேசினேன் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில், சணல் கயிறு போட்டு. அதை மாட்டுவது லீடர் வேலை. நான் அதைக் கைப்பையில் எடுத்துக்கொண்டே திரிவேன், கயிற்றின் சொரசொரப்பு இப்போதும் இந்த ஆள்காட்டி விரலில் இருக்கிறது. அன்றைக்கு வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் பெர்னதெத் தன் அம்மாவோடு நின்றாள். அந்த அம்மா முடிச்சவிழ்த்து முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள், பின்னே அந்த அம்மாவிடம் என்ன பேசுவாள், ஃபிரெஞ்சா. அதுவரைக்கும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள் அங்கே ஓயாமல், கையை ஆட்டி ஆட்டி, வாய் நிறைய முறுக்கோடு பேசிக்கொண்டிருந்தாள். அது என்னை என்னவோ செய்தது. நேரே போனேன். மாட்டினேன். விதி விதிதானே. பெர்னதெத் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் அம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்து, "என்னத்தா இது, பரிசா?" என்று மகளிடம் கேட்டார். பெர்னதெத் என்னைப் பார்க்கவில்லை. "ஆமாம்மா" என்றாள். "படிப்புக்கா?" "ஆமாம்மா." அந்த அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்கி, "நல்லா இருக்கணும் தாயீ" என்று சொல்லி எனக்கும் இரண்டு முறுக்கு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தின்றேன். வகுப்புக்குப் போய் இதை ஒரு ஜோக்காகச் சொன்னேன், அம்மா குரலில், தாயீ என்று இழுத்து. யாரும் சரியாகச் சிரிக்கவில்லை என்று அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்றாவது விசில். அணைத்துவிட்டேன். அந்த விஷயம் அங்கேயே செத்துப் போயிருக்கும் என்றுதான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் எங்கெங்கோ விசாரித்து அவள் எண்ணைப் பிடித்து, பெருமையாக, கடைசியில் மிச்சமிருந்த ஒருத்தியையும் கண்டுபிடித்தேன் பார் என்ற திமிரோடு, போன் போட்டேன். நான் நீ என்றேன். அவள் நீங்க என்றாள். "என்னையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களே தமயந்தி" என்றாள், குரல் கனத்துப் போயிருந்தது, ஆனால் தெளிவாக, நாலு பேரை வேலை வாங்குகிற குரல். வருவாயா என்றேன். யோசித்தாள். நான் பாட்டுக்கு, பழசையெல்லாம் பேசிச் சிரிக்கலாம் வா என்றேன். அவளுக்குப் பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் ஸ்ட்ரெச்சர் என்று கத்தினார்கள். "வர்றேன். என் மகளையும் கூட்டிட்டு வர்றேன். அம்மா படிச்ச எடம்னு காட்டணும்" என்றாள். அப்புறம் சாதாரணமாக, "எங்கம்மா போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. சாகுறவரைக்கும் ஊர் பூராச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, கான்வென்ட்ல என் மகளுக்குக் கழுத்துல பரிசு போட்டாங்கன்னு" என்றாள். நான் என்ன சொன்னேன். அப்படியா என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வெஜ் பிரியாணியா சாம்பார் சாதமா என்று எல்லாரிடமும் கேட்கிறேன், உனக்கு எது என்று கேட்டேன். "எதுனாலும் சரிங்க" என்றாள். குத்திக் காட்டினாளா, வெறுமனே சொன்னாளா, மூன்று வாரமாக இதே கேள்விதான், பாத்திரம் தேய்க்கும்போது, கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது. குத்திக் காட்டியிருந்தால் பரவாயில்லை என்றுகூடத் தோன்றுகிறது. குத்தாமல் சொல்லியிருந்தால் அதை எங்கே கொண்டு வைப்பது. அவளுடைய மகள் அந்த மெயிலைப் பார்ப்பாள். அம்மா, யாரும்மா இஸ்லாண்ட் என்று கேட்பாள். பெர்னதெத் என்ன சொல்வாள், பரிசு என்பாளா.

பத்து ஐம்பது. இன்னொரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எப்போது எழுதினேன் என்றே தெரியவில்லை, கறை விரல் பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. மென்பொருள் கோளாறு காரணமாக முந்தைய மின்னஞ்சலில் சிலரது பெயர்கள் தவறாக இடம்பெற்றுவிட்டன, வருந்துகிறோம். வருந்துகிறோமாம். ஒருத்தி தனியாக உட்கார்ந்துகொண்டு றோம். இதை அவளுக்கு மட்டும் அனுப்ப ஒரே வரி போதும், அதே லைப்ரரி, அதே சாவி, சலாம் போட்டு இருநூற்றிரண்டு என்று வாங்கிக்கொள்ளும். அவளும் நம்புவாள். நம்பாவிட்டாலும் எதுனாலும் சரிங்க என்பாள். மென்பொருளில் என்ன கோளாறு, சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஜீவன் இந்த வீட்டில் அதுதான். இஸ்லாண்ட் என்ற வார்த்தை அதற்கு எங்கிருந்து தெரியும், கட்டத்தில் நான் வைத்ததை எடுத்துக்கொண்டுபோய் அன்புள்ளவுக்குப் பக்கத்தில் வைத்தது. அன்புள்ள என்று கடிதத்தில் எழுதினதும் நான், இஸ்லாண்ட் என்று கட்டத்தில் எழுதினதும் நான், இரண்டையும் சேர்த்துப் படித்தது அது மட்டும்தான். அனுப்பவா வேண்டாமா என்று விரலை வைத்துக்கொண்டிருக்கும்போது புஷ்பகலாவின் குரல் செய்தி வந்தது. கூஜாவுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத்து ஆகாது, நீளமான எதையும் பேசித்தான் அனுப்புவாள். "ஏய் தமயந்தி, வயிறு வலிக்குதுடி சிரிச்சு. நஸீமா ஒண்ணு கேட்டா பாரு, எல்லாருக்கும் பட்டப்பேரு போட்டியே, லீடரம்மாவுக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு. அன்புள்ள தமயந்தின்னுதானே போட்டுக்கிட்டிருப்பே? நாங்க விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பாவம்டி, உனக்கு நெசமாவே தெரியாதா? ரெண்டு வருஷம் உன் முதுகுக்குப் பின்னாடி கூப்பிட்டோமே. அட்டைடி, அட்டை! அட்டை வருது அட்டை வருதுன்னா கூட்டமே கலையுமே. கழுத்துல மாட்டுறதுக்கும் ஆச்சு, ஒட்டிக்கிட்டு உறிஞ்சுறதுக்கும் ஆச்சு. யாரு வெச்சாளோ, புண்ணியவதி, என்னா மூளை! கோச்சுக்காதடி. ஆமா, இஸ்லாண்ட்டுக்கும் போயிடுச்சா மெயிலு?" கடைசிக் கேள்வியில் மட்டும் சிரிப்பு இல்லை.

அட்டை. வாழைப்பூவை வைத்துவிட்டேன். இரண்டு வருஷம். நான் வராந்தாவில் நடந்து வரும்போது பேச்சு நின்றதை நான் மரியாதை என்று எண்ணியிருந்தேன், முப்பத்தெட்டு வருஷம் அதை நகை மாதிரி போட்டுக்கொண்டிருந்தேன், சஹானாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், நான் வந்தால் ஊசி விழுந்தால் கேட்கும் தெரியுமா. மழைக்காலத்தில் குழாயடிச் சுவரில் ஊருமே, அந்த அட்டையா, மலையில் காலில் ஏறுகிற அட்டையா. இரண்டும்தான். நான் காலண்டரை வெட்டிச் செய்ததும் சேர்த்து மூன்றும்தான். தமிழ் பேசாதே என்று மாட்டினவளுக்குத் தமிழிலேயே ஒரு பெயர், ஆங்கிலத்தில் இப்படி ஒன்று வைக்கவே முடியாது, எனக்கே அதில் ஒரு ரசனை வந்து தொலைக்கிறது, முகம் எரிந்துகொண்டிருக்கும்போதே. என் வரிசையில் அந்தக் கட்டத்தைச் சரியாக நிரப்பியிருந்தால், சோதனைக் கடிதம் அன்புள்ள அட்டை என்று எனக்கே வந்திருக்கும். அந்த நிமிஷமே நின்றிருப்பேன். தப்பு என் பெயர் தெரியாததில் இருந்திருக்கிறது. உன்னை மாதிரி இல்லாத ஒருத்தருக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றாளே சஹானா, நான் எனக்கே போட்டும் போய்ச் சேரவில்லை. பத்து ஐம்பத்தெட்டு. மென்பொருள் கோளாறு கடிதத்தை அழித்தேன், ஒவ்வொரு எழுத்தாக, அழிக்கும் விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, றோம் முதலில் போனது. கையைக் கழுவினேன், கறை போகவில்லை, நகமெல்லாம் கறுப்பு. பதினொன்று. அழைத்தேன். நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது என்று அந்தப் பெண். யாரோடு பேசுகிறாள், மகளோடு இருக்கும். பதினொன்று ஒன்று. அழைத்தேன். வேறொரு அழைப்பில். அழைக்கும் எண், அழைக்கும் பெயர், இந்த வார்த்தை இன்றைக்கு என்னை விடாது. பலகையைப் புதுப்பித்தேன், ஒன்றும் இல்லை, மறுபடி புதுப்பித்தேன். பதினேழாவது வரி நிறம் மாறியிருந்தது. பெர்னதெத். திறந்தது, பதினொன்று இரண்டு.

முந்தவில்லை. அப்படியென்றால் இனி அழைக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஒரு குரல், என் குரல்தான், லீடர் குரல், நியாயமாகக் கேட்கிறது, படித்தாயிற்று, அவள் அடங்கட்டும், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். கறுத்த கட்டைவிரல் அதற்குள் அழுத்திவிட்டது. ஒரு மணி அடித்தது. இரண்டு. மூன்றாவது பாதியில் எடுத்தாள். பாத்திரம் உரசுகிற சத்தம், பின்னால் பேச்சு, ஒரு நாற்காலி இழுபட்டது. "சொல்லுங்க தமயந்தி" என்றாள். ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. மெயில் பார்த்தேன் என்றும் சொல்லவில்லை.

"தமயந்தி இல்லை" என்றேன். "அட்டை பேசறேன்."

டம்ளரை வைத்தாள், வைத்த ஓசை கேட்டது.

"அது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா" என்றாள் பெர்னதெத். "நான்தான் வெச்சேன்."

மென்பொருள், பத்தி, தலைப்பு, அக்டோபர், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "இஸ்லாண்ட் நான் வெச்சது" என்றேன்.

"தெரியும்."

"உங்க அம்மா..." என்று ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் உங்க என்று வந்தது. அவள் அவசரப்படவில்லை. நிறைய நோயாளிகளின் பக்கத்தில் நின்று பழகிய மூச்சு போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"டீக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு" என்றாள். "சொல்லுங்க. கேக்குறேன்."